பிசிவி வால்வைப் பிடுங்கி எறியும் சூரர்கள்

காரை "பெர்ஃபாமன்ஸ்" ஆக்கக் கிளம்பும் பலர் சீக்கிரமே கை வைக்கும் ஐட்டம் ஒன்று உண்டு. பிசிவி வால்வு. அதைக் கழற்றி, ஹோஸைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, வால்வ் கவர் மேல் ஒரு குட்டி ஃபில்டரைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. ஏன் என்று கேட்டால், "அது புகைச் சட்டத்துக்காக வெச்சது பாஸ், எஞ்சினுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று பதில் வரும்.

சுத்தப் பொய். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பிலேயே இந்த வால்வு இருந்தது. அன்றைக்கு எந்தப் புகைச் சட்டம்? கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களுக்கு இது 1961 மாடலில்தான் வந்தது, அமெரிக்கா முழுவதும் 1963 மாடலில். லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டம் இந்த வால்வைக் கண்டுபிடிக்கவில்லை, எல்லாக் காரிலும் மாட்ட வைத்தது, அவ்வளவுதான்.

சரி, அது செய்யும் வேலை என்ன? பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியும். இதுதான் ப்ளோ-பை. அதில் எரியாத பெட்ரோல், நீராவி, அமிலம் எல்லாம் இருக்கும். வெளியே போக வழி இல்லையென்றால் கிராங்க்கேஸில் பிரஷர் ஏறி, சீலைத் தள்ளி ஆயில் கசியும். பிசிவி அந்த வாயுவை இன்டேக் வேக்குவத்தால் உறிஞ்சி எடுக்கிறது, இன்னொரு பக்கம் சுத்தமான காற்று உள்ளே வருகிறது. குட்டி ஃபில்டரில் உறிஞ்சலும் இல்லை, சுழற்சியும் இல்லை. பிரஷர் தள்ளினால் புகை வரும். மிச்ச நேரம் ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே ஊறிச் சேறாகும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது, மறுக்க வேண்டாம். டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறியதும் வால்வு மூடிக்கொள்ளும். ப்ளோ-பை இன்னொரு ஹோஸ் வழியாக டர்போவின் வாய்க்குப் போய், இன்டர்கூலரில் ஆயில் படியும். ஆயில் கலந்த காற்று நாக்கிங்கை வரவழைக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இன்டேக் வால்வைக் கழுவப் பெட்ரோலும் வராது, அதனால் கரி ஏறும்.

அதற்கு மருந்து கேட்ச் கேன். ஆனால் எந்தக் கேன்? உள்ளே தடுப்பு இல்லாத வெறும் பளபள டப்பா வாங்கி மாட்டினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் :) ஆயிலைப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்புகிற கேன்தான் உண்மையான கேன். அதையும் அவ்வப்போது காலி செய்ய வேண்டும்.

இன்னொன்று. கேன் சீக்கிரம் நிரம்பினால் "கேன் சூப்பரா வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது தெர்மாமீட்டர் சாமி, மாத்திரை இல்லை! ரிங் தேய்ந்திருக்கலாம். சம்ப்பில் ஆயில் அளவுக்கு மேல் இருக்கலாம். அதிக ஆர்பிஎம்மில் மேலே ஏறும் ப்ளோ-பை, ஹெட்டிலிருந்து இறங்க வேண்டிய ஆயிலை வழிமறிக்கலாம். காரணத்தைத் தேடாமல் பெரிய கேன் வாங்குவது, காய்ச்சலுக்குப் பெரிய தெர்மாமீட்டர் வாங்குகிற கதை.

"ரேஸ் காரில் திறந்துதானே விடுகிறார்கள்?" என்பார்கள். எஃப்ஐஏ விதிப்புத்தகத்தைப் புரட்டுங்கள். திறந்த ப்ரீதர் என்றால் ஆயில் ஒரு டேங்கில்தான் விழ வேண்டும். 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். ஏன்? டிராக்கில் சிந்திய ஆயிலில் வழுக்குவது பின்னால் வருகிறவன்.

ரோட்டிலும் பின்னால் ஒருவர் வருகிறார், பைக்கில், மூக்கைத் திறந்துகொண்டு. பி.காம் முதல் வருடப் பாடம்தான் இது: தன் செலவை அடுத்தவன் லெட்ஜரில் எழுதிவிட்டு லாபம் என்று சொன்னால், அதற்குப் பெயர் லாபம் இல்லை. இங்கே அந்தப் பொய்க் கணக்கு கூட உதைக்கிறது, ஏனென்றால் கடைசியில் எஞ்சின் பில்லும் கழற்றியவர் பெயருக்கே வரும்.