கூண்டில் ஏறிய மறதி

அண்மையில் பரிசு பெற்ற நாவலொன்றின் நாயகிக்குள் பல ஆளுமைகள் வந்துபோகின்றன. ‘தன்னிலை’ என்ற சிறையிலிருந்து அவள் பெற்ற விடுதலை இது என்கிறது நடுவர் குழு. தன்னிலை என்பதே கட்டமைக்கப்பட்டது என்னும் பின்னமைப்பியலை நாமும் படித்தவர்கள்தாம். ஆனால், வதைபட்ட குழந்தையாக அவள் உயிர்தரிக்கக் கண்ட வழியைக் கொண்டாட்டமாக்குவது கொடுமை.

தன்னை மறந்த ஒருவரை நீதிமன்றம் விசாரித்த, வங்காளத்தின் பவால் சந்நியாசி வழக்கை நினைத்துக்கொள்கிறோம். பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்து எரியூட்டப்பட்டதாகச் சொன்னார்கள். 1921இல் டாக்காவில் ஒரு சாமியார், தாமே அந்தக் குமாரர் என்றார். நாகா சாதுக்கள் காப்பாற்றியதாகவும், இடையில் தாம் யாரென்பதே மறந்துபோனதாகவும் சொன்னார். கல்கத்தா லான்ஸ்டவுன் சாலையில் அண்ணனோடு வாழ்ந்த மனைவி விபாவதி கடைசிவரை ஏற்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். மச்சம், தழும்பு, கையெழுத்து என்று அலசினார்கள். 1936இல் நீதிபதி பன்னாலால் பாசு, 1940இல் உயர்நீதிமன்றம், 1946இல் லண்டன் பிரிவி கவுன்சில் என மூன்று தீர்ப்பும் அவர் பக்கம். கடைசித் தீர்ப்பு வந்த சில நாளில் இறந்துபோனார்.  

நீதிமன்றத்தின் கேள்வி: இவர் யார், சொல்வது மெய்யா? மனநல சிகிச்சையாளர் அங்கே தொடங்குவதில்லை. வந்தவர் இன்று பத்திரமாக இருக்கிறாரா என்று பார்ப்பார். மனம் விலகிப் போகும்போது, காலடித் தரையையும் கேட்கும் ஓசையையும் கவனிக்கச் சொல்லி இந்த நிமிடத்துக்கு அழைத்துவருவார். நினைவைத் தொடுவது அதற்குப் பிறகுதான், அதுவும் மெல்ல. மனத்தின் மறந்த பகுதியிடம், நீ எதைத் தாங்கினாய் என்று கேட்பார். தாங்க முடியாத அனுபவம் மற்ற நினைவுகளோடு சேராமல் தனித்து இயங்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் பியர் ழானே 1889இலேயே எழுதிவிட்டார்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? 2005இல் வந்த ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ படங்கள் இப்படி ஆளுமை பிளவுண்டவரைக் கொலைவெறிகொண்டவராகவே காட்டின. இதே போன்ற மனவிலகலால், வலிப்பு நோயில்லாமல் வலிப்பு வரும் பெண்ணை, நடிக்கிறாள் என்று அவசரப் பிரிவில் கிள்ளிப் பார்க்கிறார்கள். விமர்சகரோ நாவலின் நாயகியைத் தத்துவத்துக்கு உதாரணமாக்குகிறார். திரைப்படக்காரர், மருத்துவர், விமர்சகர் மூவருமே பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்கவில்லை.

பரிசுக் குழுக்களைவிட நம் விமர்சன மரபே இதற்குப் பொறுப்பு. பாத்திரத்தின் வலி கோட்பாட்டுக்கு உதவினால்தான் அதைப் பொருட்படுத்துகிறோம். நடந்தவை தனக்கே நடந்தவை என்று அஞ்சாமல் சொல்ல முடிகிற நாள்தான் அந்த நாயகிக்கு விடுதலை. அதுவரை அவள் பெயரால் யாரும் விழா எடுக்க வேண்டாம்.