முள் எந்தப் பக்கம்?

தோட்டத்துக்கு வேலி அடைக்கும் கமக்காரன் முள்ளை வெளிப்புறமாக வைத்தே கட்டுகிறான். கட்டாக்காலி மாடு உள்ளே புகாதிருக்க வேண்டும் என்பதே அவன் கருத்து. முள்ளை உட்புறமாகத் திருப்பி ஒருவன் வேலி அடைப்பானாயின், அவன் அஞ்சுவது வெளியே நிற்பதையன்று, உள்ளே இருப்பவர்களையே. பேர்லின் நகரை 28 ஆண்டுகள் பிளந்து நின்ற மதிலின் வரலாற்றை அளப்பதற்கு இந்த ஓர் அளவுகோலே போதும்.

1945இல் போரில் தோற்ற ஜேர்மனியை நான்கு வல்லரசுகள் பங்கிட்டன. சோவியத் வலயத்தின் நடுவே கிடந்த பேர்லினும் நான்கு பகுதிகளாயிற்று. 1949இல் இரு ஜேர்மன் அரசுகள் தோன்றின. 1952இல் கிழக்கு அரசு தன் மேற்கு எல்லையை மூடியது. பேர்லின் மட்டும் திறந்த வாசலாக எஞ்சியது. 1949 முதல் 1961 வரை ஏறத்தாழ 27 இலட்சம் மக்கள் கிழக்கை விட்டு நீங்கினர். வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் சென்றனர். கூட்டுப்பண்ணைக்குத் தம் நிலத்தைக் கொடுக்க நெருக்கப்பட்ட கமக்காரரும் சென்றனர்.

குடிகள் ஏன் போகின்றனர் என்று கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்வதே நல்லரசின் கடன். அவ்வரசோ வழியை அடைத்தது. மதில் கட்டும் எண்ணம் எவருக்கும் இல்லை என்று 1961 ஜூன் 15ஆந் திகதி பத்திரிகையாளர் முன்னிலையிற் கூறினார் ஆட்சித்தலைவர் வால்டர் உல்பிரிக்ட். இரண்டு மாதங் கழியுமுன், ஓகஸ்ட் 13ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலருமுன்னரே நகரின் குறுக்கே முட்கம்பி இழுக்கப்பட்டது. சில நாட்களிற் கல் மதில் எழுந்தது. பெர்நாவர் வீதியில் வீடுகள் கிழக்கிலும், அவற்றின் வாசலிலிருந்த நடைபாதை மேற்கிலும் கிடந்தன. யன்னல் வழியே குதித்தவர்களுட் சிலர் மாண்டனர். யன்னல்கள் அடைக்கப்பட்டன, பின்னர் வீடுகளே இடிக்கப்பட்டன. அவ்வீதியில் எல்லைக்குள் அகப்பட்ட தேவாலயமும் 1985இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

மேற்குப் பேர்லினைச் சூழ்ந்த அரண் ஏறத்தாழ 155 கிலோமீற்றர் நீளமானது. அதில் 43 கிலோமீற்றர் நகரை ஊடறுத்துச் சென்றது. இரு தடைகளுக்கு நடுவே காலடி பதியும் மணற்பரப்பு, காவற்கோபுரங்கள், மின்னொளி, துப்பாக்கி. இதற்கு அரசு சூட்டிய பெயர் பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண் என்பதாகும். ஆனால் துப்பாக்கி எத்திசையை நோக்கிற்று? சொந்தக் குடிகளையே நோக்கிற்று! குறைந்தது 140 உயிர்கள் அங்கே மடிந்தன. 1962 ஓகஸ்ட் 17ஆந் திகதி பதினெட்டே வயதான பீற்றர் ஃபெக்டர் சுடப்பட்டு, இருபக்கத்தாரும் பார்த்திருக்க, மதிலடியில் இரத்தம் வடிந்தே இறந்தான். மேற்கு வல்லரசுகள் மதிலைக் கண்டித்தன. போரை அஞ்சி அதற்கப்பாற் செல்லவில்லை. வல்லரசுகளின் கணக்கேட்டில் சிறியோரின் கண்ணீர் பதிவாவதில்லை.

எனினும் மதிலை வீழ்த்தியவர்கள் அந்தச் சிறியோரே. 1989இல் கிழக்கு நகரங்களின் தெருக்களை மக்கள் நிறைத்தனர். நவம்பர் 9ஆந் திகதி மாலை, புதிய பிரயாண விதிகள் உடனே நடைமுறைக்கு வருவதாகக் குந்தர் ஷபோவ்ஸ்கி தவறுதலாக அறிவித்தார். போர்ன்ஹோல்மர் வீதி வாயிலில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். மேலிடத்தின் தெளிவான கட்டளை கிடையாத காவலதிகாரிகள் வாயிலைத் திறந்துவிட்டனர். 1990 ஒக்டோபர் 3ஆந் திகதி ஜேர்மனி ஒன்றாயிற்று.

சட்டம் பயின்றோர் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. சுடும் ஆட்சிமுறைக்குப் பொறுப்பாயிருந்த தலைவர்கள் நீதிமன்றில் நிறுத்தப்பட்டபோது, எம் நாட்டுச் சட்டம் அதனை அனுமதித்தது என்று வாதாடினர். 1982ஆம் ஆண்டின் எல்லைச் சட்டத்தை எடுத்துக் காட்டினர். ஜேர்மன் நீதிமன்றங்கள் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2001 மார்ச் 22ஆந் திகதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அத்தீர்ப்பிற் குறை காணவில்லை. அவ்வரசின் சொந்த அரசியலமைப்பே மனிதனின் கண்ணியத்தைப் பேசிற்று. நாட்டைவிட்டு வெளியேறும் உரிமையைக் கூறும் சர்வதேச உடன்படிக்கையையும் அவ்வரசு ஏற்றிருந்தது. ஒரு கையால் எழுதியதை மறுகையாற் சுட்டு அழிப்பது சட்டமாகாது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்த எல்லைக் காவலன் ஒருவனின் வழக்கிலும் அதே நாளில் அதே முடிவு சொல்லப்பட்டது.

ஆகவே, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்ற விடையோடு அநீதிக்குக் கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. ஆள்வோர் இதனை மறக்கலாம், ஆளப்படுவோர் மறத்தலாகாது. மதில் நின்ற காலத்தைவிட அது இல்லாத காலம் நீண்டுவிட்டது. 2018 பெப்ரவரியிலேயே அந்த எல்லை கடந்தாயிற்று. ஆயினும் பாதுகாப்பு என்ற பெயரில் வேலி எழுப்பும் அரசுகள் உலகில் ஒழிந்துவிடவில்லை. எந்த அரசு எங்கே வேலி அடைத்தாலும் அதன் பெயரைக் கேட்டு நாம் மயங்க வேண்டியதில்லை. கிட்டச் சென்று, முள் எந்தப் பக்கம் என்று பார்த்தாற் போதும்.