எத்தனை கோட்டை பார்த்தால் காசு தேறும்?

இந்த வாரம் எனக்குக் கோபம் வந்தது ஒரு கணக்கைப் பார்த்து. மான்செஸ்டருக்குக் குடிபோயிருக்கும் அண்ணன் மகள் அனுப்பியது. ஒரு பக்கம் நேஷனல் டிரஸ்ட், மறுபக்கம் இங்கிலிஷ் ஹெரிடேஜ்; இரண்டும் அங்கே பாரம்பரிய இடங்களைக் காக்கும் அமைப்புகள். ஆண்டுச் சந்தா எவ்வளவு, ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுத்தால் எவ்வளவு, எத்தனை இடம் பார்த்தால் போட்ட காசு தேறும் என்று கூட்டிக் கழித்திருந்தாள். கடைசியில் ஒரு யோசனை: "சித்தப்பா, ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டில் சந்தா குறைவு. அந்த அட்டையைக் காட்டி இங்கிலாந்திலும் உள்ளே போகலாமாம்."

விதிப்படி தப்பில்லை. ஸ்காட்லாந்து டிரஸ்டும் இங்கிலாந்து டிரஸ்டும் தனித்தனி அமைப்புகள். ஒன்றின் உறுப்பினரை மற்றது உள்ளே விடுகிறது. ஆனால் கொடுக்கிற காசு எந்த மண்ணைக் காப்பாற்றுகிறது என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ஊர்க் கிணற்றைத் தூர்வார வரி கொடுத்தவர் யாரும் எத்தனை வாளி இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்ததில்லை.

இங்கிலிஷ் ஹெரிடேஜிடம் 400க்கு மேற்பட்ட இடங்கள்: ஸ்டோன்ஹெஞ்ச், டோவர் கோட்டை, இடிந்த மடாலயங்கள். நேஷனல் டிரஸ்டிடம் மாளிகைகள், தோட்டங்கள். அவற்றைவிடப் பெரிதாக மலைகளும் கடற்கரைகளும். அங்கே நடக்கப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது; உறுப்பினருக்குக் கார் நிறுத்தும் கட்டணம் மிச்சம், அவ்வளவுதான். டிக்கெட் இல்லாததால் டிரஸ்டின் ஆகப்பெரிய சொத்து அவள் கணக்கில் வரவே இல்லை.

அந்தச் சொத்தில் ஒரு பகுதி எப்படி வந்தது என்று சொல்கிறேன். பீட்ரிக்ஸ் பாட்டர் எழுதிய 'பீட்டர் ராபிட்' என்ற முயல் கதை மேல் எனக்குள்ள பிரியம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். பதிப்பாளர்கள் திருப்பியனுப்ப, 1901-இல் சொந்தக் காசில் 250 பிரதி அச்சிட்டார்; அடுத்த ஆண்டு வார்ன் நிறுவனம் வெளியிட்டது. இதெல்லாம் எழுதியாயிற்று. எழுதாமல் விட்டது, அந்த முயல் சம்பாதித்த பணம் ஆடுகளுக்குப் போன கதை.

ராயல்டியோடு உறவினர் விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து, 1905-இல் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலை வட்டாரத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பிறகு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போனார். 1923-இல் டிரவுட்பெக் பார்க் என்ற பெரிய மலைப்பண்ணை. 1927-இல் விண்டர்மியர் ஏரிக்கரையில் காக்ஷாட் பாயிண்ட் என்ற நிலத்தைக் கட்டடக்காரர்களிடமிருந்து மீட்க, கையொப்பமிட்ட 50 ஓவியங்களை அமெரிக்க வாசகர்களுக்கு ஆளுக்கு ஒரு கினிக்கு விற்றுக் கொடுத்தார். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும் 14 பண்ணைகளும் டிரஸ்டுக்கு எழுதிவைத்திருந்தார். மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் செம்மறிகளே இருக்க வேண்டும் என்பது உயிலின் நிபந்தனை.

அந்த நிபந்தனையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஹெர்ட்விக் குட்டி கறுப்பாகப் பிறந்து வயதாக ஆக வெளுக்கும். உயர்ந்த மேய்ச்சல் மலையில் வேலி கிடையாது. எதுவரை நம் இடம் என்பதைத் தாயாட்டோடு மேய்ந்தே குட்டி தெரிந்துகொள்கிறது. அது தன் குட்டிக்குக் காட்டுகிறது. அந்த மந்தையை விற்றுவிட்டு வேறு ஆடு வாங்கி விட்டால், புது ஆட்டுக்கு மலை தெரியாது. அதனால்தான் குத்தகைக்காரர் மாறினாலும் மந்தை பண்ணையோடு நிற்கும். 2001-இல் கோமாரி நோய்க்காக ஆடுகளைக் கொன்று குவித்தபோது அந்த வட்டாரம் கலங்கியது இறைச்சி நஷ்டத்துக்காக மட்டுமல்ல.

1907-இல் வந்த சட்டப்படி, 'கைமாற்றக் கூடாதது' என்று டிரஸ்ட் அறிவித்த நிலத்தை அது விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பார்லிமெண்ட் சம்மதிக்காமல் அரசாங்கமும் எடுக்க முடியாது. ஆனால் காப்பாற்றச் செலவு உண்டு: கல் சுவர் சரியச் சரிய அடுக்க வேண்டும், நடைபாதை அரிக்க அரிக்க நிரப்ப வேண்டும். சந்தா அதற்குத்தான்.

ஆகவே அம்மா, நேஷனல் டிரஸ்டிலேயே முழுச் சந்தா கட்டிச் சேர். கோட்டைகள் மேல் ஆசை வந்தால் இன்னொரு வருஷம் இங்கிலிஷ் ஹெரிடேஜ் எடுத்துக்கொள். இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்களும் இதையே அவர்களுக்குச் சொல்லுங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் விட்டுப்போகுமே என்ற கவலை வேண்டாம். இங்கிலாந்தில் எடுத்த நேஷனல் டிரஸ்ட் அட்டைக்கு அங்கேயும் அனுமதி இலவசம்.