மாடியில் ஒரு வெந்நீர் அண்டா

‘வீட்டிலேயே பிட்காயின் மைனிங் பண்ணலாம் சார். சூடு இல்லை, சத்தம் இல்லை. வாட்டர் கூலிங் வந்தாச்சு!’ விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருப்பவர் காதில் இப்படி ஒரு பேச்சு விழுந்தால், நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகும் முன் கால்குலேட்டரை எடுங்கள்.

மைனிங் என்றால் மண்வெட்டி வேலை அல்ல. ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கும் குருட்டு யூகம். 3,500 வாட் மெஷின் ஒன்று நொடிக்கு 200 லட்சம் கோடி தடவை யூகிக்கிறது. உலகத்தில் இதே வேலையைச் செய்யும் மெஷின்களின் மொத்த பலம் 2025-ல் இதைப்போல 50 லட்சம் மடங்கைத் தொட்டுவிட்டது. இவ்வளவு பேரும் பங்கு போட்டுக்கொள்ள, 2024 ஏப்ரலுக்குப் பிறகு, நாளொன்றுக்குப் புதிதாகக் கிடைப்பது சுமார் 450 பிட்காயின்தான்.

உங்கள் பங்கு? இரண்டு மாதத்துக்கு 0.0054. ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்றே (2025-ல் தொட்ட உச்சத்தை ஒட்டி) தாராளமாக வைத்துக்கொண்டாலும் 54,000 ரூபாய். மெஷின் தின்ற கரண்ட்? தினம் 84 யூனிட், இரண்டு மாதத்தில் 5,040. ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் வீட்டு இணைப்புக்கு யூனிட் 11 ரூபாய்க்கு மேல். பில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துகிறீர்கள் என்று அதிகாரி எழுதிவிட்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவு இரண்டு மடங்கு கேட்கும். ‘கொல்லையில் பம்ப்செட்டுக்கு இலவச கரண்ட் இருக்கே’ என்று கண்ணடிக்கும் புத்திசாலிகளே, அதற்குப் பெயர் திருட்டு.

இதற்கு மேல் வரி. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீதம். மைனிங்குக்குப் போட்ட கட்டமைப்புச் செலவைக் கழிக்க முடியாது என்று நாடாளுமன்றத்திலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நஷ்டப்பட்டவனிடம் வரி கேட்கும் இந்த அழகைத் தனியாகத்தான் திட்ட வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் சூட்டைக் கொல்லாது, சுமந்துகொண்டு போகும். அவ்வளவுதான். 3,500 வாட் என்பது இரவு பகலாக எரியும் பெரிய ஹீட்டர். மூடிய குழாயில் தண்ணீரைச் சுற்றவிட்டால், ரேடியேட்டர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் கொட்ட வேண்டும். மே மாதத் திண்டிவனத்தில் வெளிக்காற்றே 40 டிகிரியை நெருங்கும்! ஆவியாக்கிக் குளிரவைக்கலாம் என்றால் தினம் 125 லிட்டர் காற்றோடு போகும். கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. அதாவது இரண்டு பேர் தண்ணீர். போர்வெல்லைத் திறந்து, பத்து டிகிரி சூடேற்றிச் சாக்கடையில் விட்டால் ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டர்! அந்த உப்புத்தண்ணி மெல்லிய குழாய்களில் வெள்ளையாகப் படிந்து மெஷினையே சீக்கிரம் அடைத்துவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

எந்த மாவட்டத்தில் இந்த விளையாட்டு? ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில், மயிலத்தில் 50 சென்டிமீட்டர் கொட்டியும் பிடித்துவைக்க வழியில்லாத மாவட்டம். 25 கோடி ரூபாயில் கட்டிய தளவானூர் தடுப்பணை, திறந்த சில மாதத்தில், 2021 ஜனவரியிலேயே உடைந்ததைப் பார்த்த மாவட்டம்.

‘வெளிநாட்டில் எல்லாம் செய்கிறானே சார்?’ செய்கிறான். ஃபின்லாந்தில் மைனிங் மெஷின் சூடாக்கிய தண்ணீர் குளிருக்கு வீடுகளை வெதுவெதுப்பாக்குகிறது. அங்கே சூடு சரக்கு. விழுப்புரத்தில் அக்னி நட்சத்திரத்தன்று வெந்நீரை யார் தலையில் கட்டுவீர்கள்?

மைனிங் பெயரைச் சொல்லி ஏமாற்றுவதும் புதுசு இல்லை. மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொன்ன ‘கெய்ன்பிட்காயின்’ அமித் பரத்வாஜ் 2018-ல் கைதானார். அதற்கு முன்னால் ஈமு கோழி காட்டினார்கள், நாமும் பணம் கட்டினோம்.

மெஷின் விற்க வருகிற அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். காபி கொடுத்து உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘மெஷினை எங்க மாடியிலேயே வெச்சுக்கோங்க அண்ணே, வாடகை வேண்டாம். கரண்ட் பில் நீங்க கட்டுங்க, வர்ற காயினில் ஆளுக்குப் பாதி.’ சம்மதிக்கிற முதல் அண்ணனைப் பார்த்தால் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.