சான்றிதழ் கேட்காத தொண்டு



'தன்னார்வத் தொண்டு' என்னும் சொல்லை நாம் பள்ளிகளில் அடிக்கடி பயன்படுத்துகிறோம். விளையாட்டுப் போட்டிக்குத் தொண்டர்கள் தேவை. துப்புரவுப் பணிக்குத் தொண்டர்கள் தேவை. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்குத் தொண்டர்கள் தேவை. எல்லாம் நல்ல பணிகளே. ஆனால், பணி முடிந்ததும் மாணவர்களிடமிருந்தும் சில வேளைகளில் பெற்றோரிடமிருந்தும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "சான்றிதழ் உண்டா, ஐயா?"

இப்படிக் கேட்பவர்களை நான் குறை கூற மாட்டேன். புறப்பாட நடவடிக்கைகளுக்குப் புள்ளிகள் உண்டு. நாளை மேற்கல்விக்கு விண்ணப்பிக்கும்போது கோப்பில் தாள்கள் இருக்க வேண்டும். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணும் பெற்றோர் அதைக் கேட்கத்தான் செய்வர். எனினும், சான்றிதழுக்காகச் செய்வதற்குத் தொண்டு என்று பெயர் வைத்துவிட்டால், உண்மையான தொண்டுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இதைப் பற்றி ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பேச விரும்புகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாகப் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கடற்கரைகளில் 200 ஆண்டுகளாக நடந்து வரும் ஓர் அரும்பணியை எடுத்துக்கொள்கிறேன்.

கடலோர மக்களின் படகு

வில்லியம் ஹிலரி என்பவர் ஐல் ஆஃப் மேன் தீவில் டக்லஸ் நகரில் வாழ்ந்தவர். அந்தத் தீவைச் சுற்றிப் புயலில் கப்பல்கள் உடைவதையும் மாலுமிகள் மடிவதையும் அவர் கண்ணாரக் கண்டார். கடலில் சிக்கியோரை மீட்க நாடு தழுவிய அமைப்பு ஒன்று வேண்டுமென 1823ஆம் ஆண்டில் வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக 1824ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் இலண்டனில் ஓர் அமைப்பு தோன்றியது. 1854 முதல் அது 'அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம்' எனப் பெயர் பெற்றது. சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. என்பர்.

ஹிலரி பேச்சோடு நின்றவரல்லர். 1830ஆம் ஆண்டில், ஏறத்தாழ அறுபது வயதில், 'செயின்ட் ஜார்ஜ்' என்ற கப்பலில் சிக்கியவர்களை மீட்கத் தாமே படகேறிச் சென்றார். அலை அவரைக் கடலில் வீசியது. விலா எலும்புகள் முறிந்தன. ஆயினும் கப்பலில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டனர்.

இன்று அந்நிறுவனத்திற்கு 238 மீட்புப் படகு நிலையங்கள் உள்ளன. 2024ஆம் ஆண்டு அது இருநூறாம் ஆண்டை நிறைவு செய்தபோது, அதுவரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் 146,000க்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டது. படகுகளை வாங்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவின் பெரும்பகுதி பொதுமக்களின் நன்கொடையிலிருந்து வருகிறது. இறக்கும் முன் தம் உயிலில் ஒரு பங்கை எழுதி வைப்போரும் பலர்.

அந்தப் படகில் செல்வோர் யார்? சில நிலையங்களில் படகுத் தலைவர், பொறிமுறையாளர் போன்ற ஓரிருவர் ஊதியம் பெறுகின்றனர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். கடைக்காரர், தச்சர், மீனவர், தாதியர், ஆசிரியர் எனப் பல தொழில் செய்வோர். இடுப்பில் ஒரு பேஜர் இருக்கும். அது ஒலித்தால், உண்ணும் உணவையும் உறங்கும் உறக்கத்தையும் விட்டுவிட்டு நிலையத்திற்கு ஓட வேண்டும். சில நிமிடங்களில் படகு கடலில் இறங்க வேண்டும்.

நேரம் கிடைக்கும்போது செய்வது தொண்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர்களுக்கோ, அழைப்பு வரும்போது செய்வதுதான் தொண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகளுக்கு உணர்த்த வேண்டும்.

ஊர் கூடி இழுத்த படகு

1899ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் லின்மத் என்ற சிற்றூர். 'ஃபாரஸ்ட் ஹால்' என்ற கப்பல் புயலில் சிக்கியிருப்பதாகச் செய்தி வருகிறது. அதில் 18 பேர். ஆனால் லின்மத் கரையில் அலைகள் மிகக் கடுமையாக இருந்ததால் படகை இறக்கவே முடியவில்லை.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "முயன்றோம், முடியவில்லை" என்று வீடு திரும்பியிருப்போம். அவ்வூரார் படகையே வண்டியில் ஏற்றினர். ஏறத்தாழ 100 பேரும் குதிரைகளும் சேர்ந்து, செங்குத்தான கவுண்டிஸ்பரி மேட்டின் வழியே, கொட்டும் மழையிலும் இருளிலும் சுமார் 21 கிலோமீட்டர் இழுத்துச் சென்றனர். பாதை குறுகிய இடங்களில் சுவரை இடித்தனர். விடியற்காலையில் போர்லாக் கரையில் படகை இறக்கி, இரவெல்லாம் இழுத்த களைப்போடு துடுப்புப் போட்டுச் சென்றனர். கப்பலில் இருந்த 18 பேரும் உயிர் பிழைத்தனர்.

படகில் ஏறியவர்கள் சிலரே. இழுத்தவர்கள் ஊரார் அனைவரும். கென்ட் பகுதியின் டன்ஜெனஸ் கரையில் படகைக் கடலுக்குள் தள்ளிவிடும் பணியைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்து வந்தனர். பதக்கம் பெற்ற ஒருவருக்குப் பின்னால் பெயர் அறியப்படாத நூறு பேர் நிற்கின்றனர். மேடையில் பரிசு பெறும் மாணவனை மட்டுமே புகைப்படம் எடுக்கும் நம் பழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீச்சல் அறியாத வீரர்

நார்ஃபோக் கரையில் உள்ள குரோமர் என்ற ஊரில் ஹென்றி பிளாக் என்றொரு மீனவர் இருந்தார். 18 வயதில் மீட்புப் படகில் சேர்ந்தார். 1909இல் படகுத் தலைவரானார். 1947இல், 71 வயதில்தான் ஓய்வு பெற்றார். 53 ஆண்டுகளில் அவர் பங்கேற்ற மீட்புப் பணிகளால் 873 பேர் உயிர் பிழைத்தனர். மூன்று தங்கப் பதக்கங்களும் நான்கு வெள்ளிப் பதக்கங்களும் பெற்றவர். கோடைக் காலத்தில் கடற்கரையில் சாய்வு நாற்காலிகளை வாடகைக்கு விட்டும் பிழைப்பு நடத்தினார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது வியப்பூட்டும் செய்தி.

1917ஆம் ஆண்டு சனவரியில், முதல் உலகப் போர்க்காலம். இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் படகில் இருந்தவர்களில் பலர் முதியவர்கள். முதலில் ஒரு கிரேக்கக் கப்பலின் மாலுமிகளைக் கரை சேர்த்தனர். களைப்பாறும் முன்பே 'ஃபெர்னெபோ' என்ற சுவீடன் நாட்டுக் கப்பல் வெடித்துப் பிளந்தது. மீண்டும் புறப்பட்டனர். பேரலை படகைக் கரைக்கே தூக்கி எறிந்தது, துடுப்புகள் உடைந்தன. மறுபடியும் சென்றனர். கப்பலில் எஞ்சியிருந்த 11 பேரை மீட்டுக்கொண்டே திரும்பினர். அவ்விரண்டும் வேற்று நாட்டுக் கப்பல்கள்!

இந்த வரலாற்றை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை சொன்னேன். "எவ்வளவு சம்பளம், ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். சம்பளம் கிடையாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் அவர் போகாமல் இருந்தால் யார் திட்டுவார்?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிசு அல்லது திட்டு என்ற இரண்டைத் தவிர வேறு காரணமே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. நன்னெறிக் கல்வியில் அவன் நல்ல புள்ளி எடுப்பவன். உதவும் மனப்பான்மை, துணிவு, கருணை எல்லாவற்றுக்கும் அவனால் பிழையின்றி விளக்கம் எழுத முடியும். நன்னெறி அவன் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. வாழ்க்கைக்கு இன்னும் வரவில்லை.

தந்தையும் மகனும்

1981ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இரவு. கார்ன்வால் கரையில் மவுசல் என்ற சிறிய மீனவ ஊர். தன் முதற் பயணத்தில் இருந்த 'யூனியன் ஸ்டார்' என்ற சரக்குக் கப்பலின் இயந்திரம் நின்றுவிட்டது. கப்பல் தலைவரின் மனைவியும் பதின்ம வயது மகளிர் இருவரும் உட்பட அதில் எட்டுப் பேர். புயற்காற்றில் ஹெலிகாப்டரால் அவர்களைத் தூக்க இயலவில்லை. பென்லீ நிலையத்தின் 'சாலமன் பிரௌன்' என்ற மரப்படகு எட்டுத் தன்னார்வலர்களுடன் புறப்பட்டது.

புறப்படும் முன் ஒரு நிகழ்ச்சி. ஒரு தந்தையும் அவருடைய இளவயது மகனும் வந்து நின்றனர். படகுத் தலைவர் டிரெவல்யன் ரிச்சர்ட்ஸ் தந்தையை ஏற்றிக்கொண்டார், மகனை மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட இரவில் ஒரே குடும்பத்திலிருந்து இருவரை அழைத்துச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை.

நால்வரை ஏற்றிவிட்டதாகப் படகிலிருந்து வானொலியில் செய்தி வந்தது. எஞ்சியவர்களையும் காப்பாற்ற மீண்டும் கப்பலை நெருங்கியதாகக் கருதப்படுகிறது. அதன்பின் ஒலி இல்லை. இரு கலங்களிலும் இருந்த 16 பேரும் மாண்டனர்.

மறுநாளே, புதிய படகுக் குழுவை அமைக்கத் தேவையான அளவு மக்கள் அதே ஊரிலிருந்து முன்வந்தனர். அன்றிரவு மறுக்கப்பட்ட அந்த மகன் பிற்காலத்தில் அதே நிலையத்தின் படகுத் தலைவரானார். இன்றும் டிசம்பர் 19ஆம் நாள் இரவில், கிறிஸ்துமசுக்காக ஏற்றிய அவ்வூர்த் துறைமுக விளக்குகள் சிறிது நேரம் அணைக்கப்படுகின்றன.

நாம் செய்யக்கூடியவை

நம் நாட்டுக் கடலில் மீட்புப் பணியைக் கடல்சார் அமலாக்க முகமை முதலிய அரசுத் துறைகள் செய்கின்றன. ஆர்.என்.எல்.ஐ. போன்ற ஒன்றை நாமும் தொடங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் இங்கும் உண்டு. செம்பிறைச் சங்கமும் சாரணர் இயக்கமும் நம் பள்ளிகளிலேயே உண்டு. அவற்றின் உட்பொருளை மீட்டெடுப்பது நம் கையில் இருக்கிறது. என் கருத்துகள் இவை:

முதலாவது, நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். ஹென்றி பிளாக் காலம் வேறு. இன்றைய படகுக் குழுவினர் பூல் நகரிலுள்ள கல்லூரியின் குளத்தில், கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறும் பயிற்சியைப் பெறுகின்றனர். பள்ளி விடுமுறையில் ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் பிள்ளைகள் மூழ்கும் செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். நண்பனைக் காப்பாற்றக் குதித்த பிள்ளையும் சேர்ந்து மாண்ட செய்திகளும் வருகின்றன. அந்தப் பிள்ளைக்குத் துணிவு இருந்தது. கற்றுக்கொடுக்க வேண்டியதை யாரோ கற்றுக்கொடுக்கவில்லை. நீரில் குதிக்காதே, குரல் கொடு, கயிறோ கழியோ மிதக்கும் பொருளோ எறி, 999ஐ அழை. நீ விழுந்தால் கைகால்களை உதறாதே. தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மித. மூச்சு சீரானபின் உதவி கேள். இதைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். இயன்ற பெற்றோர் பிள்ளைகளுக்கு நீச்சலும் கற்பிக்க வேண்டும். "தண்ணீர்ப் பக்கமே போகாதே" என்பது அறிவுரை, பாதுகாப்பு அன்று.

இரண்டாவது, ஆண்டில் ஒரு பணியையாவது சான்றிதழின்றிச் செய்யச் சொல்வோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்குத் துணை நிற்கலாம். யார் செய்தார் என்று சபையில் அறிவிக்கவும் வேண்டாம். முதலில் வருவோர் குறைவாக இருக்கலாம். இருக்கட்டும்.

மூன்றாவது, யாருக்கு உதவுகிறோம் என்று பிரித்துப் பார்க்காத மனத்தை வளர்ப்போம். 2021ஆம் ஆண்டில், ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடக்க முயன்ற அகதிகளையும் குடியேறிகளையும் மீட்டதற்காக ஆர்.என்.எல்.ஐ. கண்டனத்துக்கு உள்ளானது. கடலில் ஆபத்தில் இருப்பவர் எவராயினும் காப்பதே தம் கடமை என்று அந்நிறுவனம் உறுதியாக நின்றது. அதன்பின் நன்கொடைகள் பெருகின. நம் வகுப்பறையிலும் "அவன் என் அணி இல்லை" என்று ஒதுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான்காவது, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மவுசல் ஊரின் அந்த மகன் தொண்டை எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. தந்தையின் பின்னால் நடந்து வந்து நின்றான். உங்கள் பிள்ளை உங்கள் பின்னால் நடந்து எங்கே போய் நிற்கும்?

கடும் புயல் நம் ஊருக்கு வராமலே போகலாம். ஆனால் அண்டை வீட்டுப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழும் நாள் வரும். சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும் நாள் வரும். அன்று நம் மாணவன் கைப்பேசியில் படம் பிடிப்பானா, கைகொடுப்பானா? அதற்கான விடையை இன்றே வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். சிந்திப்போம், செயல்படுவோம்.