இரவல் வாளின் விலை

வ. புதுப்பட்டியிலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம் கடந்து தெற்கே சென்றால் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கப்பம் கட்ட மறுத்த அவ்வீரரின் கோட்டைகள் 1761இல் கும்பெனிப் படைத்தலைவர் யூசுப்கானிடம் வீழ்ந்தன. அதே யூசுப்கான் 1763இல் நவாபையும் கும்பெனியையும் எதிர்த்தெழுந்தார். மதுரையில் உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார்.

வென்ற நவாபுக்கேனும் நாடு நிலைத்ததா? போர்ச்செலவு கடனாயிற்று, கடன் வட்டியொடு வளர்ந்தது, 1801இல் ஆர்க்காட்டு ஆட்சியே கும்பெனியின் கைக்குச் சென்றது.

பூலித்தேவரை இந்துவென்றும் கான்சாகிபை இசுலாமியரென்றும் கூறுபடுத்திப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மூவரையும் வீழ்த்தியது சமயமன்று. உள்ளூர்ப் பூசலுக்கு அயலாரின் வாளை இரவல் கேட்ட அரசியலே. மாணவ மணிகளே, நம்மிடையே எழும் பிணக்குகளை நாமே பேசித் தீர்ப்போமாக!