எலியைக் கேட்டுப் போட்ட முக்கோணம்

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காடு. விதைத்து முப்பது நாள் ஆன பயிர், குருத்துக்குள் படைப்புழு. பயிருக்கு மேலே ஆளுயரக் குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் குறுக்கே ஒரு கட்டை. நம் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பறவை தாங்கிகள்தாம். காலை ஒன்பது மணி வெயிலில் குச்சிக்கு ஒரு கரிச்சான் உட்கார்ந்து, இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. காட்டுக்காரருக்கு முகமெல்லாம் சந்தோஷம். “சார், நீங்க சொன்ன குச்சி நல்லா வேல செய்யுது பாருங்க. நேத்து வரைக்கும் ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சு. இன்னிக்கி இந்தக் காட்டு ரெட்டவால் குருவி அத்தனையும் இங்கதான் கெடக்கு.”

முந்தின நாள் சாயங்காலம் மருந்து அடித்திருந்தார். கடையில் இரண்டைக் கலந்து அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று குளோர்பைரிபாஸ். குருத்துக்குள் இருக்கும்வரை புழு கரிச்சானின் கண்ணில் படாது. நஞ்சு ஏறியதும் அது நிலைகொள்ளாமல் வெளியே வரும். இலை விளிம்பில் பாதி உடம்பு தொங்க, முறுக்கிக்கொண்டு துடிக்கும். பறவைக்கு அசைவுதானே அடையாளம். கரிச்சான் சரிந்து இறங்கி, கவ்வி, மேலே வந்து, புழுவைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டி விழுங்கியது. ஒரே பறவை பதினொரு புழு எடுக்கும்வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. காட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. குச்சி நடச் சொன்னதும் நாம்தான். புழு அதிகமானால் மருந்து அடிக்கச் சொன்னதும் நாம்தான். இரண்டும் ஒரே துண்டறிக்கையில், அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.

அன்று எந்தப் பறவையும் என் கண்ணெதிரே விழவில்லை. அது ஆறுதலாகாது. மேரிலாந்தின் மக்காச்சோள வயல்களில் சின்னப் பறவைகளின் சடலங்களைப் போட்டுவைத்துக் கவனித்த ஓர் ஆய்வு 1986-ல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் அவற்றில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. நம் ஊரில் நாயும் கீரியும் காக்கையும் எறும்பும் இருக்கின்றன. இங்கே நிலைமை வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. நஞ்சேறிய பறவையும் வெட்டவெளியில் நிற்பதில்லை. வேலிப் புதருக்குள் போய் ஒடுங்கிவிடும். “நம்ம பக்கம் குருவி எதுவும் சாகல சார்” என்று களப்பணியாளர் சொல்வது பொய் அல்ல. அவர் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

பார்க்க முடிந்த ஓரிடம் உண்டு. ஸ்வெய்ன்சன் பருந்து வட அமெரிக்காவின் மேற்கில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கும்போது ஏறத்தாழ 10,000 கி.மீ. பறந்து அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளிக்குப் போகிறது. அங்கே அதன் இரை பெரும்பாலும் வெட்டுக்கிளி. உள்ளூர் ஸ்பானியப் பெயரே வெட்டுக்கிளிப் பருந்து என்ற பொருள் தருவது. இந்தப் பருந்துகளின் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று தேடிய பிரையன் உட்பிரிட்ஜ் என்ற உயிரியலாளர், செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவைகளைத் தொடர்ந்து 1995-ல் லா பாம்பா மாநிலத்துக்குப் போனார். அங்கே வயல்களிலும் மரத்தடிகளிலும் பருந்துகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தன. 1995-96 பருவத்தில் எண்ணப்பட்டவை மட்டும் 5,000-க்கு மேல். மொத்தச் சாவு 20,000 இருக்கலாம் என்று கணித்தார்கள். லூசர்ன் புல்லிலும் சூரியகாந்தியிலும் வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ்தான் காரணம். டிராக்டர் மருந்து அடித்துக்கொண்டு போகும்போதே, எழும்பிப் பறக்கும் வெட்டுக்கிளிக்காகப் பருந்துகள் அதன் பின்னால் போயிருக்கின்றன. ஏர் உழும்போது உண்ணிக்கொக்கும் கரிச்சானும் நம் வயலில் எப்படிப் பின்தொடருமோ, அதே பழக்கம். உடல் பெரிய பறவை என்பதாலும், கூட்டமாகச் செத்ததாலும், தேடிப் போக ஆள் இருந்ததாலும் உலகத்துக்குத் தெரிந்தது. மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது, விவசாயிகளிடம் பேசினார்கள், அடுத்த பருவத்திலேயே சாவு வெகுவாகக் குறைந்தது.

அதே மோனோகுரோட்டோபாஸ் இங்கே 2005-ல் காய்கறிகளுக்கு மட்டும் விலக்கப்பட்டது. 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவில் கலந்து 23 பள்ளிக் குழந்தைகளைக் கொன்றது. 36 சதவீதக் கரைசலுக்குத் தடை அறிவிப்பு 2023-ல்தான் வந்தது. சிட்டுக்குருவிகளில் பாதியைக் கொல்லும் அதன் அளவு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.5 மி.கி. குருவியின் எடை 25 கிராம் என்றால் ஒரு குருவிக்கு 0.04 மி.கி. கூட இல்லை. புட்டியிலிருந்து ஒரு சொட்டு கீழே சிந்தினால் அதில் ஏறத்தாழ 18 மி.கி. இருக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சிக்கொல்லிப் புட்டியில் நாம் முதலில் பார்ப்பது முக்கோணத்தைத்தான். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. வாய்வழி நச்சளவு கிலோவுக்கு 50 மி.கி. வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. 1971-ம் ஆண்டு விதிகளின்படி வந்த இந்த அளவுகோல் மனிதனைக் காப்பதற்காக உண்டானது. சோதனை விலங்கு எலி. தெளிப்பவருக்கு அது தேவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் அதையே ‘பாதுகாப்பான மருந்து’ என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம். “மஞ்சள்தானே, அடிக்கலாம்” என்று பயிற்சிக் கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன்.

இமிடாகுளோபிரிட் கிலோவுக்கு 450 மி.கி. அளவில்தான் எலிகளில் பாதியைக் கொல்லும். மஞ்சள் வரம்பு, அதுவும் நீலத்தை நெருங்கி நிற்கிறது. சிட்டுக்குருவிக்கு 41. நாம் பண்ணையில் வளர்த்துச் சாப்பிடும் ஜப்பானியக் காடைக்கு 31. ஃபிப்ரோனில் எலிக்கு 97; வட அமெரிக்கக் காடையான பாப்வைட்டுக்கு 11 சொச்சம். அதே ஃபிப்ரோனில் வாத்தை 2,000 மி.கி. தாண்டியும் கொல்வதில்லை. பறவை என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. குளோர்பைரிபாஸ் எலிக்கு நூற்றைத் தாண்டும், சிட்டுக்குருவிக்கு 21. மூலப்பொருளின் இந்த அளவுகளைக் குருவியையோ காடையையோ கேட்டு வரிசைப்படுத்தியிருந்தால் மூன்றும் சிவப்பு வரம்புக்குள் வந்திருக்கும். பதிவுக் கோப்பில் பறவைச் சோதனையும் கேட்கப்படுகிறது. முக்கோணத்தின் நிறத்தை அது மாற்றுவதில்லை.

குளோர்பைரிபாஸ் போன்ற கரிம பாஸ்பேட்டுகளில் இந்த வேறுபாட்டுக்கு உடலியங்கியல் காரணம் தெளிவாக உண்டு. பாலூட்டிகளின் இரத்தத்தில் இந்த நஞ்சை உடைக்கும் ஏ-எஸ்டரேஸ் என்ற நொதி தாராளமாக இருக்கிறது. பறவைகளின் இரத்தத்தில் அது மிகக் குறைவு. எலி உடைத்துத் தள்ளுவதைக் கரிச்சானின் உடல் அப்படியே மூளைக்கு அனுப்புகிறது.

பெரம்பலூர்க் காட்டுக்கு வருகிறேன். கரிச்சானின் எடை ஏறத்தாழ 50 கிராம். சிட்டுக்குருவியின் அளவையே வைத்துக்கொண்டால் குளோர்பைரிபாஸ் 1 மி.கி. உள்ளே போனால் ஆபத்து எல்லை. 20 இ.சி. மருந்தை லிட்டருக்கு 2 மி.லி. கலந்தால், இரண்டரை மி.லி. கரைசலில் அந்த 1 மி.கி. இருக்கும். பதினொரு புழுவில் அவ்வளவு ஏறியிருக்காது. அன்றைக்கு அந்தப் பறவை பிழைத்திருக்கக்கூடும். ஆனால் சாவுக்குக் கீழே நடப்பவை சிறியவை அல்ல. அமெரிக்காவில் கூடு கட்டியிருந்த ஸ்டார்லிங் தாய்ப்பறவைகளுக்கு, மோனோகுரோட்டோபாஸின் உடன்பிறப்பான டைகுரோட்டோபாஸை ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982-ல் வந்தது. தாய் சாகவில்லை. கூட்டுக்கு இரை கொண்டுவரும் தடவைகள் குறைந்தன, கூட்டை விட்டு வெளியே இருந்த நேரம் கூடியது. ஸ்டார்லிங் நம் மைனாவின் குடும்பம். குஞ்சுக்கு அந்த நேரத்தில் ஒரு மணி நேரப் பசி என்பது பெரிய விஷயம். இரை வந்தாலும் அது இதே புழுதான்.

குஞ்சு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூச்சியுண்ணும் பறவை என்றால் கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை, தகைவிலான் என்று பட்டியல் போடுகிறோம். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடக் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். கூட்டுக்குள் இருக்கும் அந்த இரண்டு வாரங்களில் வயற்காட்டுப் பறவைகள் பெரும்பாலும் பூச்சியுண்ணிகளே.

பழைய நஞ்சுகளைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் அவை உடலில் தங்கின. டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் கொழுப்பில் படிந்து, ஆண்டுகள் கழித்தும் ஆய்வகத்தில் பேசின. எல்ம் மரங்களுக்கு அடித்த டி.டி.டி. இலையில் தங்கி, உதிர்ந்த இலையைத் தின்ற மண்புழுவுக்கு ஏறி, மண்புழுவைத் தின்ற ராபினைக் கொன்ற சங்கிலியை ராய் பார்க்கர் 1958-ல் இல்லினாயில் காட்டினார். ரேச்சல் கார்சனின் நூல் 1962-ல் அதை ஊருக்குச் சொன்னது. தென்னிந்தியப் பறவைகளை ஆராய்ந்த எஹிமே பல்கலைக்கழகத்தின் ஷின்சுகே டனாபே குழு 1998-ல் வெளியிட்ட கட்டுரையில், இங்கேயே வாழும் பறவைகளின் உடலில் மேலோங்கி நின்றது பி.எச்.சி. குடும்பம். வலசை வந்தவற்றின் கதை வேறு. அதாவது, அந்த நஞ்சு நம் வயலில் ஏறியது. பி.எச்.சி. 1997-ல் நின்றது. பரத்பூரில் சாரஸ் கொக்குகள் ஆல்ட்ரினால் செத்ததை வெளிக்கொணர்ந்த முரளிதரன், கோவை ஆனைகட்டி சாலிம் அலி மையத்தில் செத்த பறவைகளின் திசுவில் எச்சம் பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகள் நடத்தினார். அந்த மாதிரி வேலை இன்றைக்கு இன்னும் கடினம். இப்போது நாம் அடிப்பவற்றில் பல சில நாளில் சிதைந்துவிடுகின்றன. பறவை போய்விடும், தடயமும் போய்விடும்.

நஞ்சு பறவைக்குள் போகாமலே பறவையைக் குறைக்கும் வழியும் உண்டு. நெதர்லாந்தில் காஸ்பர் ஹால்மன் குழு 2014-ல் காட்டியது இது: நீர்நிலைகளில் இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டிய பகுதிகளில், பூச்சியுண்ணும் பறவைகள் சராசரியாக ஆண்டுக்கு 3.5 சதவீதம் குறைந்தன. ஒரு காரணத்தை மட்டும் அது நிறுவிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரை அற்றுப்போவது அதில் பெரும்பங்கு வகித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கேயும் 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மின்கம்பியில் எங்கும் காணக்கிடைத்த பனங்காடையை, சரிவு காரணமாகச் செம்பட்டியலில் மறுமதிப்பீடு செய்யச் சொல்லியிருக்கிறது. பனங்காடை வாழ்வது காட்டில் அல்ல, நம் பரிந்துரை போய்ச்சேரும் வயல்களில்.

பூச்சியியலுக்கும் பறவைக்கும் நடுவில் இந்த இடைவெளி எப்போதுமே இருந்துவந்தது அல்ல. 1912-ல் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்திலிருந்து மேசனும் லெஃப்ராயும் இந்தியப் பறவைகளின் உணவு பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் இரைப்பைக்குள் இருந்ததைப் பிரித்து எண்ணி, எது எந்தப் பூச்சியை எவ்வளவு தின்கிறது என்று எழுதிவைத்தார்கள். லெஃப்ராய் பூச்சியியலாளர். பறவையின் வயிற்றுக்குள் பார்ப்பது தன் வேலை என்று நினைத்தவர்.

நம்மிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. குச்சியும் மருந்தும் ஒரே வாரத்தில் வரக்கூடாது. விதைத்த முதல் வாரத்திலேயே குச்சி நடப்படட்டும், முட்டைக் குவியல் பொறுக்குதலும் முட்டை ஒட்டுண்ணி அட்டையும் உடன் போகட்டும். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டி மருந்து தேவை என்றாகிவிட்டால், அடிப்பதற்கு முந்தின மாலையே குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். செத்த புழு காய்ந்து உதிர்ந்த பிறகு மறுபடி நடலாம். பறவை அப்போதும் வரும், ஆனால் நாம் இருக்கை போட்டு அழைத்ததாக இருக்காது. மருந்திலும் தேர்வு இருக்கிறது. குளோரான்ட்ரானிலிபுரோலைப் பாப்வைட் காடைக்குக் கிலோவுக்கு 2,250 மி.கி. வரை கொடுத்தும் சாவு எல்லையைத் தொடவில்லை. விலை கூடுதல்தான். அந்த விலை வேறுபாட்டுக்கு மானியம் கேட்கும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

செத்த பறவையைக் கண்டால், வனச்சரக அலுவலருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். காட்டுப்பறவையின் சடலத்தை நாமாக எடுத்துப்போக முடியாது. அவர் ஒப்புதலோடு அலுமினியத் தாளில் சுற்றி, பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே கால்நடை நோயியல் ஆய்வகத்துக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். மூளையில் கோலினெஸ்டரேஸ் நொதி இயல்பில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் சாவுக்குக் கரிம பாஸ்பேட்டோ கார்பமேட்டோ காரணம் என்று கொள்ளலாம். ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே நஞ்சு பட்டிருக்கிறது. கார்பமேட் என்றால் வெப்பத்தில் வைத்த சடலத்தில் நொதி தானாக மீண்டுவிடும், அதனால்தான் பனிக்கட்டி. எந்த வயல், என்ன பயிர், என்ன மருந்து, எப்போது அடித்தது என்ற நான்கையும் சேர்த்து எழுதியனுப்புங்கள். மருந்து அடித்தவர் பெயர் வேண்டாம்.

இந்த இதழின் பரிந்துரைப் பட்டியல்களில் அடுத்த மாதம் முதல் ஒரு பத்தி கூடுகிறது. மருந்து, அளவு, காத்திருப்பு நாள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், குருவிக்கோ காடைக்கோ உள்ள நச்சளவும், தாங்கிகளை எடுக்க வேண்டிய நாளும் இருக்கும். முதல் பட்டியல் மக்காச்சோளம். அச்சானதும் ஒரு படியைப் பெரம்பலூர்க் காட்டுக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு வருவேன்.